பழைய பிக்கப்பில் சீட் மாற்றப் போறீங்களா? குஷனைவிட போல்ட்தான் முக்கியம்... ஏன் தெரியுமா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலோ, வேறு எந்த ஊர் மார்க்கெட்டிலோ, விடியற்காலையில் வரிசை கட்டி நிற்கும் பழைய பிக்கப் வண்டிகளின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் சீட் மேல் மடித்துப் போட்ட சாக்கு இருக்கும். இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை. சீட் உள்வாங்கிப் போய், உட்கார்ந்தால் கீழே இருக்கும் இரும்பு தட்டுகிறது என்பதுதான் காரணம்.

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பொலேரோ பிக்கப், டாடா 207, 'குட்டியானை' என்று நம்மூரில் செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் என எந்த வண்டியானாலும் ஒரு கட்டத்தில் அந்த யோசனை வந்துவிடும். "பேசாம கார் சீட் ஒண்ணு வாங்கி மாட்டிடலாமா?"

மாட்டலாம். ஆனால் சீட் என்பது உட்காரும் மெத்தை மட்டுமல்ல. விபத்து நேரத்தில் டிரைவரை அவர் இருக்கும் இடத்திலேயே பிடித்து வைக்கும் உறுப்பு அது. பழைய வண்டியில் அந்தப் பிடிப்பு எங்கே பலவீனமாக இருக்கிறது, மாற்றும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இடுப்பு வலிக்கு சீட்தான் காரணமா?

பெரும்பாலும் சீட்டும் ஒரு காரணம். பிக்கப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங், லோடு சுமப்பதற்காகவே விறைப்பாக அமைக்கப்பட்டது. லோடு இருக்கும்போது ஓரளவு அமுங்கி ஓடும். சரக்கை இறக்கிவிட்டு காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் தூக்கித் தூக்கிப் போடும். அந்த அதிர்வு அப்படியே டிரைவரின் முதுகெலும்புக்குப் போகிறது.

உட்கார்ந்திருக்கும் மனித உடல், வினாடிக்கு சுமார் 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்கு மிகவும் கூச்சப்படும். அந்த வேகத்தில் ஆட்டம் வந்தால் உடல் அதைக் குறைக்காது, பெரிதாக்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் இதற்காகவே தனி விதி கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலையில் உடலுக்குச் செல்லும் அதிர்வின் சராசரி முடுக்கம் 0.5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15-ஐத் தாண்டவே கூடாது. சொந்த வண்டி ஓட்டும் நம்மூர் டிரைவருக்கு நிர்வாகமும் அவரேதான், நடவடிக்கையும் அவரேதான் எடுக்க வேண்டும். அந்த நடவடிக்கைதான் பெரும்பாலும் சாக்காகவோ தலையணையாகவோ முடிகிறது.

முதலில், கெட்டுப்போனது எது?

குஷன் கடைக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம். சீட் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது நான்கு அடுக்கு. மேலே ரெக்சினும் ஃபோமும். அதற்குக் கீழே ஸ்பிரிங் கம்பிகளும் இரும்புச் சட்டமும். அடுத்து முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர். கடைசியாக, அந்த ஸ்லைடரைப் பிடித்திருக்கும் போல்ட்டும் கேபின் தரையும்.

உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? ஸ்பிரிங் கம்பி ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது கொக்கி கழன்றிருக்கலாம். நடுவில் மட்டும் பள்ளமா? ஃபோம் செத்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் ஸ்லைடரின் பல் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஆட்டும்போது தரையே சேர்ந்து மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால், பிரச்சனை சீட்டில் இல்லை. தரை துருப்பிடித்துவிட்டது.

இந்தக் கடைசிக் கேஸில் எவ்வளவு விலை உயர்ந்த சீட் போட்டாலும் வீண். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது 'புது சீட் மாட்டித் தருகிறேன்' என்று சொன்னால் அந்தப் பட்டறையைவிட்டு வண்டியை எடுத்துவிடுவது நல்லது. மழைத் தண்ணீர், காலணிச் சேறு, மீன் லோடு ஏற்றும் வண்டியானால் உப்புத் தண்ணீர் என எல்லாம் விரிப்புக்குக் கீழேதான் தங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

ஃபோம் மட்டும் போயிருந்தால்?

அப்படியானால் சீட் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அசல் சட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைச் சரிசெய்து, புது ஃபோம் போட்டு, ரெக்சின் தைப்பதுதான் பழைய பிக்கப்புக்கு மிகவும் பாதுகாப்பான, சட்டச் சிக்கலும் இல்லாத வழி. பலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இங்கேயும் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, உயரம். 'நல்லா மெத்துனு இருக்கணும்ணே' என்று சொல்லி இரண்டு அங்குலம் கூடுதலாக ஃபோம் வைத்தால் டிரைவரின் உடல் முழுக்க இரண்டு அங்குலம் மேலே போகிறது. தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். பிரேக் மிதிக்கும் கால் தொங்கும். தலைக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஹெட் ரெஸ்ட் கழுத்துக்கு வந்துவிடும். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பாற்ற வேண்டிய அந்த ஹெட் ரெஸ்ட்டே கழுத்தை ஒடிக்கும் நெம்புகோலாகிவிடும். அதன் மேல் விளிம்பு குறைந்தது காதின் மேல் பகுதி வரைக்குமாவது வர வேண்டும்.

இரண்டாவது, மென்மை. அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கும் சீட்டில் திடீர் பிரேக் போட்டால் இடுப்பு ஃபோமுக்குள் புதைந்து, சீட் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கி முன்னால் போகும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் அப்போது வயிற்றை அறுக்கும். கார் கம்பெனிகள் சீட்டின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, கெட்டியாக வைப்பது இதற்காகத்தான். புது ஃபோம் வெட்டும்போது அந்த முன்மேட்டைச் சமமாக்கிவிடக் கூடாது. அதேநேரம், துண்டு துண்டான ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ரகத்தை மட்டும் முழுக்க வைத்தால் பலகை மாதிரி இருக்கும். கீழே அது, மேலே நல்ல அடர்த்தியான சாதாரண ஃபோம் என்று கலந்து வைப்பதுதான் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குத் தாங்கும்.

ரெக்சின் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. வாகனத்தின் உள்ளே போடும் துணி, ஃபோம் எவ்வளவு வேகமாகத் தீப்பற்றலாம் என்பதற்கு இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்ற தரநிலை உண்டு. அமெரிக்க விதியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. வீட்டு சோபாவுக்கான மலிவான துணியை வண்டிக்குத் தைத்தால் அந்தக் கணக்கு எதுவும் அங்கே பொருந்தாது.

வேறு சீட்தான் போடணும் என்றால்... அந்த 20 மடங்கு கணக்கு!

சட்டமே உடைந்திருந்தால், அல்லது ஸ்லைடர் திரும்பக் கிடைக்கவில்லை என்றால், வேறு சீட்டைத் தேடித்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு கணக்கு.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 18 கிலோ சீட் 360 கிலோவாக இழுக்கும். 75 கிலோ டிரைவர் 1,500 கிலோவாக இழுப்பார். சீட் பரிசோதனை விதிகளிலும் இதே 20 மடங்கு கணக்குதான் இருக்கிறது. பெல்ட் மாட்டும் புள்ளிகளுக்கு ஐ.நா.வின் 14-ஆவது வாகன விதிமுறை, கார்களுக்கும் பிக்கப் போன்ற சிறிய சரக்கு வண்டிகளுக்கும் தோள் பட்டைக்குத் தனியாக, இடுப்புப் பட்டைக்குத் தனியாக சுமார் 1,350 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பெல்ட்டின் பக்கிள், அதாவது 'க்ளிக்' என்று பூட்டும் அந்தப் பகுதி, உங்கள் வண்டியில் தரையில் மாட்டியிருக்கிறதா, சீட்டோடு சேர்ந்திருக்கிறதா? தரையில் என்றால் டிரைவரின் பாரத்தின் பெரும்பகுதியைத் தரை வாங்கிக்கொள்ளும். சீட்டோடு சேர்ந்தது என்றால், பெல்ட் வழியாக வரும் இழுவையில் கணிசமான பங்கு ஸ்லைடர் வழியாக அந்த நான்கு போல்ட்டுக்குத்தான் வந்து சேரும். புதிய கார்களின் சீட்டில் பக்கிள் சீட்டோடு வருவது சகஜம். அந்த சீட்டைப் பழைய பிக்கப்பின் தரையில் சாதாரண போல்ட் போட்டு மாட்டினால், சீட் தாங்கும், பெல்ட் தாங்கும், தரை கிழியும்.

காரணம், கேபின் தரைத் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமன்தான். கம்பெனி சீட் மாட்டும் இடங்களில் மட்டும் கீழே கூடுதல் தகடு வைத்து, நட்டை அதோடு வெல்டு செய்திருப்பார்கள். அந்த இடத்தைவிட்டு நான்கு அங்குலம் தள்ளிப் புது ஓட்டை போட்டால், அங்கே இருப்பது வெறும் தகடு.

எனவே விதி எளிது. கம்பெனி கொடுத்த ஓட்டைகளையே பயன்படுத்த வேண்டும். புது சீட்டின் அளவு வேறாக இருந்தால், பழைய ஓட்டைகளில் உட்காரும் இரும்பு பிராக்கெட் ஒன்று செய்து அதன் மேல் சீட்டை மாட்டலாம். வேறு வழியே இல்லாமல் புது ஓட்டை போட்டால், தரைக்குக் கீழே தடிமனான பிளேட் கட்டாயம். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் மோட்டார் பந்தய உலகில் இருக்கிறது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ., அசல் இடத்தை மாற்றி சீட் மாட்டினால் குறைந்தது நான்கு இடங்களில் மாட்ட வேண்டும், போல்ட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் 3 மில்லிமீட்டர் தடிமனில் 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இரும்பு பிளேட் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 40 சதுர சென்டிமீட்டர் என்பது ஏ.டி.எம். கார்டைவிடக் கொஞ்சம் சிறியது. நம்மூர் பட்டறைகளில் போடும் ஐம்பது பைசா அகல வாஷரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுப்பேட்டையில் சீட் வாங்கும்போது...

சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் கார் சீட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். துணி கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். சட்டம் கோணலாக இருந்தால் அது விபத்தில் சிக்கிய வண்டியின் சீட். ஸ்லைடரை முழுக்க நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் வேண்டவே வேண்டாம்.

சாய்வுப் பகுதியின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்ன லேபிள் இருக்கிறதா? அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தொங்குகிறதா? இருந்தால் அந்த சீட்டுக்குள் வெடிக்கும் தன்மையுள்ள காற்றுப்பை இருக்கிறது, அல்லது பெல்ட்டைச் சுண்டி இழுக்கும் வெடிபொருள் இருக்கிறது. அதில் வெல்டிங் வைப்பது, ஒயரை பேட்டரியில் தொட்டுப் பார்ப்பது எல்லாம் விபரீதம். பழைய பிக்கப்பில் அதை இயக்கும் கம்ப்யூட்டரே இல்லை என்பதால் அதனால் பயனும் இல்லை. அந்த வகை சீட்டை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அளவு எடுக்கும்போது அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். கதவு மூடுகிறதா, ஹேண்ட் பிரேக் லிவர் தாராளமாக எழும்புகிறதா, சாய்வை நகர்த்தும் லிவருக்குக் கை போகிறதா என்பதும் கணக்கில் வர வேண்டும். பெரும்பாலான பிக்கப் கேபினில் சீட்டுக்குப் பின்னாலேயே சுவர் என்பதால், காரில் படுக்கை மாதிரி சாயும் சீட் இங்கே இரண்டு விரல் அளவுகூடச் சாயாது. பெரிய லாரிகளுக்கு வரும் சஸ்பென்ஷன் சீட், அதிர்வைக் குறைப்பதில் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அது ஏறி இறங்க உயரம் தேவை. சாதாரண பிக்கப்பில் மாட்டினால் தலை கூரையில் தட்டும்.

குட்டியானை, தோஸ்த் வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. இந்த வண்டிகளில் இன்ஜின் இருப்பது சீட்டுக்குக் கீழே. அதாவது, சீட்தான் இன்ஜினின் மூடி. மெக்கானிக் வேலை பார்க்க சீட்டைத் தூக்கியாக வேண்டும். கார் சீட்டை நிரந்தரமாக போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், நடுரோட்டில் வண்டி சூடாகி நின்றால் இன்ஜினைப் பார்க்கவே முடியாது. அடியில் உள்ள வெப்பத் தடுப்பையும் ரப்பர் ஓரத்தையும் எடுத்துவிட்டு மாட்டினால் இன்ஜின் சூடும் புகையும் நேராகக் கேபினுக்குள் வரும். இந்த வண்டிகளுக்கு அதே மாடல் சீட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல் இருப்பதே உத்தமம்.

மாட்டும்போது பட்டறையில் நடக்கும் தவறுகள்

டிரில் எடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் பைப், டீசல் பைப், ஒயரிங் எல்லாம் தரைக்கு நேர் கீழே ஓடும். பிரேக் பைப்பில் டிரில் பட்டு லேசாகக் கீறினால்கூட அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் இறக்கத்தில் தெரியும்.

'தரை வீக்கா இருக்கு, நேரா சேஸிஸ்லயே போல்ட் அடிச்சிடலாம்' என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. கேட்க வலுவான யோசனை மாதிரி இருக்கும். ஆனால் பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் கேபின், சேஸிஸின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாக அசையும். சீட் சேஸிஸோடும், பெல்ட்டும் ஸ்டியரிங்கும் கேபினோடும் போனால், மோதும்போது சீட் ஒரு பக்கமும் பெல்ட் ஒரு பக்கமும் இழுக்கும். தரை வீக்காக இருந்தால் டிங்கரிங் வேலை செய்து தரையைச் சரிசெய்வதுதான் வழி.

பிராக்கெட்டின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். சின்னப் பையன் ஸ்டூலில் நின்று அலமாரியைத் தள்ளுவது மாதிரிதான் இது. ஸ்டூல் உயரமாக ஆக, கவிழ்வது சுலபம். ஆறு அங்குல உயரத்தில் நான்கு கால் நட்டு அதன் மேல் சீட் வைத்தால், மோதலில் பின்பக்க போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு எழும். உயரம் தவிர்க்க முடியாதென்றால் கால்களுக்கு இடையே குறுக்குத் தாங்கி வைக்க வேண்டும்.

ஸ்லைடர் தண்டவாளத்தின் மேல் நேரடியாக வெல்டிங் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்தச் சூட்டில் அதன் கடினம் போய்விடும், வளைந்தும் போகும், பிறகு பூட்டு சரியாக விழாது. தரையில் வெல்டிங் வைத்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சீட், ஃபோம், விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான். வெல்டு வைத்த இடத்தின் அடிப்பக்கத்தில் பெயின்ட் எரிந்து போயிருக்கும். அங்கே ப்ரைமரும் பெயின்ட்டும் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே துரு ஆரம்பிக்கும்.

போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத போல்ட் கேட் மாட்டப் பயன்படும், சீட் மாட்ட அல்ல. சீட் பெல்ட் போல்ட் இன்னும் விசேஷம். உலகம் முழுக்க பெரும்பாலான வண்டிகளில் அது மில்லிமீட்டர் அளவே கிடையாது. 7/16 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 20 மரை. இது தெரியாமல் கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை ஸ்பேனரில் திணித்து ஏற்றினால் நட்டின் மரை அழிந்துவிடும். இறுகிய மாதிரிதான் தெரியும். கழற்றிய பெல்ட் போல்ட்டைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைப்பது அதனால்தான் அவசியம்.

பெல்ட் சுருள் இருக்கும் பெட்டியையும் இஷ்டத்துக்குச் சாய்த்து மாட்டக் கூடாது. அதற்குள் இருக்கும் பூட்டு, சாய்வை உணர்ந்து வேலை செய்வது. கோணம் மாறினால் சும்மா இருக்கும்போதே பூட்டிக்கொள்ளும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது. ஏற்கெனவே விபத்தில் இழுபட்ட பெல்ட், ஓரம் நூல் பிரிந்த பெல்ட் இரண்டையும் சீட் மாற்றும்போதே மாற்றிவிட வேண்டும்.

கொல்லிமலை ஏற்றத்தில் சீட் நகர்ந்தால்?

ஸ்லைடர் பூட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மலைப்பாதையே சாட்சி. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27. லோடோடு ஏறும்போது, முதல் கியரில் கிளட்சை அழுத்தி மிதிக்கும் நேரத்தில் டிரைவரின் முதுகு சீட்டைப் பின்னால் தள்ளும். பூட்டு பாதி விழுந்திருந்தால் சீட் சடாரென்று பின்னால் போகும். கால் கிளட்சையும் பிரேக்கையும் விட்டு நழுவும். வண்டியும் பின்னால் உருள ஆரம்பிக்கும். இறக்கத்தில் இதே கதை தலைகீழ். பிரேக் போட்டதும் சீட் முன்னால் வந்து டிரைவரை ஸ்டியரிங்கோடு நெருக்கிவிடும்.

அதனால் புது சீட் மாட்டிய பிறகு, இன்ஜினைப் போடாமலேயே ஒவ்வொரு பல்லிலும் பூட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முதுகால் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் மெதுவாக ஓட்டி நான்கைந்து தடவை அழுத்தமாக பிரேக் அடித்துப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடியும் இறுக்க வேண்டும். சீட்டின் நடுவும் ஸ்டியரிங்கின் நடுவும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால், உடம்பை முறுக்கிக்கொண்டு ஓட்டி இடுப்பு வலி இரண்டு மடங்காகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் உற்பத்தியாளர் தந்த அசல் விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஃபோம், கவர் மாற்றுவதால் ஆர்.சி. விவரம் எதுவும் மாறுவதில்லை. அதே மாடலின் சீட்டை அதே இடத்தில் போடுவதும் அப்படித்தான். சிக்கல் வருவது இருக்கை எண்ணிக்கை மாறும்போது. டிரைவரோடு மூன்று பேர் என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டியில், இரண்டு பேர் உட்காரும் நீள சீட்டை எடுத்துவிட்டு ஸ்டைலாக ஒற்றை கார் சீட் போட்டால் கணக்கு மாறிவிட்டது. அதைச் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி கேட்டுவிடுவதுதான் சரி. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருஷா வருஷமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். பழைய பிக்கப் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி எப்படியும் அதிகாரி முன்னால் நிற்கும். சீட் பெல்ட் போடாமல் ஓட்டினால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் தனி. புது சீட்டுக்குப் பெல்ட் எட்டவில்லை என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

பின்னால் லோடு பாடியில் சீட் போடலாமா?

கூடவே கூடாது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் களை எடுக்கவும் ஆட்களைக் கூட்டிப்போக, பிக்கப்பின் பின்பக்கம் பெஞ்ச் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பெஞ்ச் போட்டுவிட்டதால் அது பயணிகள் வண்டி ஆகிவிடாது. அந்த இடத்தில் பெல்ட் இல்லை, கூரை இல்லை, வண்டி கவிழ்ந்தால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

இழப்பீடு விஷயம் இன்னும் கொடுமை. சரக்கு வண்டியில் பயணியாக ஏற்றிச் செல்லப்பட்டவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் உரிமையாளரோ, அவர் அனுமதித்த பிரதிநிதியோ வண்டியில் வந்தால் மட்டும் 1994 திருத்தத்தின்படி காப்பீடு உண்டு. மற்றவர்களுக்கான இழப்பீடு வண்டி உரிமையாளரின் தலையில்தான் விழும். கடன் வாங்கி ஒரே ஒரு பிக்கப் வைத்திருப்பவருக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும்? காயம்பட்ட கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு யார் கொடுப்பது? வண்டியையே விற்றாலும் தீராத கணக்கு அது.

பழைய சீட்டை என்ன செய்வது?

புது சீட் வந்ததும் பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அசல் சீட், ஸ்லைடர், போல்ட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வீட்டு மூலையில் வைத்திருங்கள். எஃப்.சி.யில் அதிகாரி புது சீட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அன்றைக்கே திரும்ப மாட்டுவதற்கு அது வேண்டும். வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் கேட்பதும் அந்தக் கம்பெனி சீட்டைத்தான்.